மருந்து அடிப்பவருக்கும் காய் பறிப்பவருக்கும் எவ்வளவு படுகிறது? பாவனைத் தரவை வைத்துக் கணிப்பது பற்றிய கேள்வி பதில்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கமக்காரர் அமைப்புகள், விவசாயப் போதனாசிரியர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறையில் ஆய்வு செய்யும் மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இது எழுதப்பட்டது. பீடைநாசினி, களைநாசினி, பூஞ்சண நாசினி எல்லாவற்றையும் வயலில் சொல்வது போலவே மருந்து என்று குறிப்பிடுகிறோம்.

ஒரு பிரதேசத்தில் எத்தனை லீற்றர் மருந்து விற்றது என்று தெரிந்தால் போதாதா?

போதாது. விற்பனைக் கணக்கு நிலத்தில் விழும் சுமையைத்தான் காட்டும். அதில் எவ்வளவு யாருடைய உடம்பில் விழுந்தது என்பதை அது சொல்லாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு 400 மில்லிலீற்றர் அடிக்க வேண்டிய மருந்து. லீற்றருக்கு 500 கிராம் செயற்படு பொருள் (மருந்தில் உண்மையில் வேலை செய்யும் இரசாயனம்) உள்ளது. ஏக்கருக்கு 200 கிராம். ஒன்றரை ஏக்கர் சொந்த வயலுக்குப் போகத்தில் மூன்று தரம் அடிக்கும் கமக்காரர் கையாள்வது 900 கிராம். கூலிக்கு அடிப்பவர் ஒரு நாளில் 4 ஏக்கர், ஒரு போகத்தில் 20 நாள் அடித்தால் 16 கிலோகிராம். ஏறத்தாழ 18 மடங்கு. இரண்டு பேரும் ஒரே வட்டையில், ஒரே மருந்தை, ஒரே அளவில்தான் அடிக்கிறார்கள். "ஏக்கருக்கு எவ்வளவு" என்ற சராசரியில் இந்த வேறுபாடு முழுவதும் காணாமல் போய்விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விற்ற இடம் வேறு, அடித்த இடம் வேறு. களுவாஞ்சிக்குடியில் வாங்கிய போத்தல் மட்டக்களப்பு வாவியைக் கடந்து மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போகும். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வாங்கியது எந்தக் கண்டத்தில் (வயல் பகுதியில்) அடிக்கப்பட்டது என்பதைக் கடைப் பற்றுச்சீட்டு சொல்லாது. போகத் தொடக்கத்தில் கடனுக்கு மொத்தமாக எடுத்து, மிஞ்சியதை அடுத்த போகத்துக்கு வைப்பவர்களும் உண்டு.

அப்படியானால் எந்தத் தரவைச் சேகரிக்க வேண்டும்?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1990 முதல் விவசாயத்தில் பாவிக்கும் மருந்து முழுவதையும் திகதி, இடம், அளவு, பரப்பு எல்லாவற்றோடும் அறிக்கையிட வேண்டும் என்பது சட்டம். அங்கே ஆய்வாளர்களுக்குத் தரவு மேசைக்கு வந்துவிடுகிறது. இங்கே நாமே வயலில் நின்று எழுத வேண்டும். ஒரு சிறு நன்மை: நமக்கு வேண்டிய கேள்வியை நாமே கேட்கலாம்.

பதிவின் அலகு வயலாக இருக்கக்கூடாது. ஒரு ஆள், ஒரு நாள், ஒரு வேலை: இதுதான் ஒரு வரி. அந்த வரியில் இவை இருக்க வேண்டும்:

- திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம்
- என்ன வேலை: கலந்தாரா, அடித்தாரா, களை பிடுங்கினாரா, காய் பறித்தாரா, தண்ணீர் கட்டினாரா
- மருந்தின் செயற்படு பொருள், செறிவு, லேபலில் உள்ள பதிவு இலக்கம்
- ஒரு தாங்கிக்கு (முதுகில் சுமந்து அடிக்கும் தெளிகருவிக்கு) எவ்வளவு, மொத்தம் எத்தனை தாங்கி
- பயிர், அதன் உயரம் (கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று எழுதினால் போதும்)
- கருவி, அதில் ஒழுக்கு உண்டா
- உடுப்பு: சாரமா, நீளக் காற்சட்டையா, கையுறை, சப்பாத்து
- கடைசியாக அந்தக் கண்டத்துக்கு மருந்து அடித்த திகதி

இந்தக் கடைசித் திகதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காய் பறிப்பவரின் கணக்கு முழுக்க அதில்தான் தங்கியிருக்கிறது.

வியாபாரப் பெயரை மட்டும் எழுதுவது அடுத்த பெரிய பிழை. ஒரே செயற்படு பொருள் பல பெயர்களில் வருகிறது. பெயர்களை எண்ணினால் "ஐந்து மருந்து" என்று வரும். பொருளை எண்ணினால் இரண்டுதான் இருக்கும். வெற்றுப் போத்தலின் லேபலைக் கைபேசியில் படம் பிடிப்பது எழுதுவதைவிட நம்பகமானது.

"தாங்கிக்கு ரெண்டு மூடி" என்கிறார்கள். அதை எப்படிக் கணக்கில் எடுப்பது?

மூடி ஒரு அளவே அல்ல என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதுதான் வயலில் நிஜமாகப் பாவிக்கப்படும் அளவு. அந்த மூடியையே வாங்கி, நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பி, ஊசி போடும் சிறிஞ்சால் உறிஞ்சி அளந்துகொள்ளுங்கள். கையுறை அவசியம். அந்த சிறிஞ்சை வேறு எதற்கும் எடுக்கக்கூடாது. ஒரு போத்தலின் மூடியால் இன்னொரு மருந்தை அளப்பது வழக்கம் என்பதால், எந்த மூடி என்றும் கேளுங்கள்.

தாங்கியையும் ஒருமுறை அளந்து பாருங்கள். 16 லீற்றர் என்று சொல்லும் தாங்கியைத் தோளில் வழியாமல் இருக்க 14 லீற்றருடன் நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். மருந்து அதே இரண்டு மூடி என்றால் கரைசல் ஏழில் ஒரு பங்கு கூடுதல் செறிவாகிறது.

தாங்கிக் கணக்கில் கூலி பேசும் இடங்களில் அடிப்பவர் தாங்கி எண்ணிக்கையைப் பிசகாமல் சொல்வார். வயல்காரர் ஏக்கரைப் பிசகாமல் சொல்வார். இரண்டையும் கேட்டு ஒப்பிட்டால், ஏக்கருக்கு எத்தனை தாங்கி போனது என்பது தானாக வெளிவரும்.

அடிப்பவரின் உடம்பில் எப்போது அதிகம் படுகிறது?

மூடியைத் திறந்து அளந்து ஊற்றும்போதும், நனைந்த பயிருக்குள் நடக்கும்போதும்.

முதலாவதைப் பாருங்கள். 16 லீற்றருக்கு 50 மில்லிலீற்றர் என்று கலக்கும் மருந்தில், செறிவான மருந்து ஒரு மில்லிலீற்றர் கையில் சிந்தினால் அது 320 மில்லிலீற்றர் கரைசல் கொட்டியதற்குச் சமம். மேலே சொன்ன 500 கிராம் மருந்தானால் அந்த ஒரு மில்லிலீற்றரில் 500 மில்லிகிராம் செயற்படு பொருள். நாளுக்கு 32 தாங்கி அடிப்பவர் 32 தரம் மூடி திறக்கிறார். ஆகவே, "எத்தனை மணித்தியாலம் அடித்தார்" என்பதை விட "எத்தனை தரம் கலந்தார்" என்பது பல வேளைகளில் நல்ல குறிகாட்டி.

இரண்டாவது, நெல்லுக்கே உரியது. மூன்றாம் கிழமையில் கோரை, நெற்சப்பி போன்ற களைகளுக்குப் புல்லெண்ணெய் (களைநாசினி) அடிக்கும்போது பயிர் கெண்டைக்கால் அளவுதான். கதிர் வரும் பருவத்தில் தத்திக்கோ நெல்மூட்டுப்பூச்சிக்கோ அடிக்கும்போது பயிர் தொடைவரை நிற்கும். குழலை முன்னால் இடம் வலமாக வீசிக்கொண்டே, இப்போதுதான் நனைத்த பயிருக்குள் நடக்கிறார்; சாரம் ஊறிக் காலோடு ஒட்டிக்கொள்கிறது. தாங்கி எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் இந்த இரண்டு நாள்களும் ஒன்றல்ல. பயிரின் உயரத்தை எழுதச் சொன்னது அதற்காகத்தான். குழலைப் பக்கவாட்டில் காற்றுப் போகும் திசைக்குப் பிடித்து, நனையாத பக்கமாக நடந்தால் கால் நனைவது வெகுவாகக் குறையும்.

மூன்றாவது ஒன்று முதுகு. தாங்கி மூடியின் இறப்பர் வளையம் வெடித்திருந்தால், குனியும் ஒவ்வொரு தடவையும் கரைசல் முதுகில் வடியும். நாள் முழுக்க ஈரச் சட்டை தோலோடு ஒட்டியிருக்கும். மாற்றுவதற்குச் சில நூறு ரூபாய்கூடப் போகாத ஒரு வளையம் அது. அடைபட்ட நொசிலை (குழல் முனையை) வாயால் ஊதுவது பற்றி விளக்கம் தேவையில்லை. ஒரு பழைய பல்துலக்கியைத் தாங்கியோடு கட்டிவைக்கலாம்.

சிறுபோகத்தில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் காலை 9 மணிக்குப் பின் அடிப்பது அடிப்பவருக்கே திரும்பி வரும். தொடங்கிய நேரத்தைக் கேட்பது இதற்காகவும்தான்.

கத்தரி, மிளகாய், வெண்டி, வெற்றிலை பறிக்கும் பெண்கள் மருந்தைத் தொடுவதே இல்லையே. அவர்களை ஏன் சேர்க்க வேண்டும்?

அவர்கள் மருந்து படிந்த இலையைத் தொடுகிறார்கள், நாள் முழுவதும். களுதாவளைப் பக்கத் தோட்டங்களில் கிழமைக்கு ஒரு தரம் அடிப்பதும் இரண்டொரு நாள் இடைவெளியில் பறிப்பதும் மாறி மாறி நடக்கும்போது, அடிப்பவரைவிடப் பறிப்பவரின் கணக்குக் கூடலாம். அடிப்பவருக்கு அது வாரத்தில் ஒரு காலை வேலை.

இதற்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2014 இல் வெளியிட்ட கணிப்பு முறையின் பொது எண்கள் கைகொடுக்கும். சொந்த அளவீடு இல்லாதபோது எடுத்துக்கொள்ளும் எண்கள் இவை:

ஹெக்டெயருக்கு 1 கிலோகிராம் செயற்படு பொருள் அடித்தால் இலையில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 3 மைக்கிரோகிராம் உரசி எடுக்கக்கூடியதாக இருக்கும் என்று கொள்கிறார்கள். மரக்கறி பறிப்பவர் மணிக்கு எவ்வளவு இலைப்பரப்பின் மருந்தைத் தன்மேல் எடுத்துக்கொள்கிறார் என்பதற்கு, வெறும் உடம்பானால் 5,800 சதுர சென்ரிமீற்றர். கை, கால், உடம்பு மூடிய உடுப்பானால் 2,500. அதோடு கையுறையும் போட்டால் 580.

நமது மருந்து ஏக்கருக்கு 200 கிராம். ஒரு ஹெக்டெயர் 2.47 ஏக்கர். ஆகவே ஹெக்டெயருக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ, இலையில் 1.5 மைக்கிரோகிராம். நீளக்கை உடுப்போடு, கையுறை இல்லாமல், 8 மணித்தியாலம்:

1.5 × 2,500 × 8 = 30,000 மைக்கிரோகிராம், அதாவது தோலில் 30 மில்லிகிராம்.

எண்ணெய்க் கரைசலாக வரும் மருந்துகளைத் தண்ணீரில் கலந்த பிறகு, தோலில் பட்டதில் 70 சதவீதம் உள்ளே போகும் என்று எடுப்பது அதே அதிகார சபையின் 2017 வழிகாட்டலின் பொது எண். 21 மில்லிகிராம். 60 கிலோ எடையால் வகுத்தால் நாளுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.35 மில்லிகிராம். கையுறை போட்டால் 0.08. ஆளின் எடை 48 கிலோவானால், கையுறை இல்லாத கணக்கு 0.44 ஆகிவிடும். நிஜ எடையைக் கேட்டு எழுதுங்கள். 60 கிலோ என்பது புத்தக எண்.

இது ஒரே ஒரு தரம் அடித்ததற்கு. கிழமைக்கு ஒன்றாக நாலு தரம் அடித்தால்? மருந்து இலையில் பாதியாகக் குறைய 30 நாள் என்ற பொது எண்ணை எடுத்தால், ஏழு நாளில் 15 சதவீதம்தான் குறையும். நாலாம் தரம் அடித்த அன்று இலையில் இருப்பது ஒரு தரம் அடித்ததைப்போல 3.2 மடங்கு. கையுறை இல்லாத 0.35 என்பது 1.1 ஐத் தாண்டும்.

நமது வெயிலிலும் மாரி மழையிலும் பல மருந்துகள் 30 நாளுக்கு முன்பே குறைந்துவிடும். ஆகவே இந்த எண் வேண்டுமென்றே கூடுதலாகக் காட்டுவது. அதைக் குறைக்க விரும்பினால் இலைகளை வெட்டிக் கழுவி ஆய்வுகூடத்தில் அளந்த எண் வேண்டும். "இங்கே வெயில் அதிகம்" என்ற ஊகத்தை வைத்துக் குறைக்கக் கூடாது.

வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது?

ஒவ்வொரு செயற்படு பொருளுக்கும் தொழிலாளி தாங்கக்கூடிய நாளாந்த எல்லை என்று ஒன்றைப் பதிவு அதிகாரிகள் நிர்ணயித்திருப்பார்கள். படும் அளவை அந்த எல்லையால் வகுங்கள். விடை 1 ஐத் தாண்டினால் அந்த வேலை அப்படியே தொடரக்கூடாது. உணவில் எஞ்சும் மருந்துக்கான எல்லையைத் தவறி எடுத்துவிடாதீர்கள். அது வாழ்நாள் முழுக்க உண்பதற்கானது.

விடை 1.2 என்று வந்தால் ஒருவருக்கு நோய் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. 0.9 வந்தால் நிம்மதி என்றும் இல்லை. எந்த வேலையை முதலில் திருத்துவது என்று வரிசைப்படுத்தத்தான் இந்த எண் மிகவும் உதவும்.

சூழல் தாக்கச் சுட்டெண் என்று ஒன்றை வைத்து மருந்துகளைத் தரப்படுத்தும் ஆய்வுகளும் உண்டு. அதில் பண்ணைத் தொழிலாளிக்கென்று ஒரு பகுதியும் இருக்கிறது. ஆனால் கையுறை போட்டாரா, எத்தனை தரம் கலந்தார் என்பது அதற்குள் வராது. மருந்துகளை ஒப்பிடப் பாவிக்கலாம். ஆள்களின் ஆபத்தைச் சொல்ல அதை நம்ப வேண்டாம்.

லேபலின் அடியில் உள்ள நிறப்பட்டையைப் பார்த்தால் போதாதா?

சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்த வரிசை உடனடி நச்சைப் பற்றியது. மெதுவாகச் சேரும் தீங்கை அது காட்டாது. மன்கோசெப் என்ற பூஞ்சண நாசினி உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் உடனடி ஆபத்துக் குறைந்த வகுப்பில் இருக்கிறது. ஆனால் அது சிதைந்து வரும் பொருள் தைரொயிட் சுரப்பியைப் பாதிக்கக்கூடியது. பச்சைப் பட்டை என்று கையால் கலக்குவது இதனால்தான் பிழை.

"அறுவடைக்கு 14 நாள்" என்று போட்டிருந்தால், 14 நாளுக்குப் பின் வயலில் இறங்கலாம் என்றுதானே பொருள்?

இல்லை. அது சாப்பிடுபவருக்கான இடைவெளி. வேலைக்கு இறங்குவதற்கான இடைவெளி வேறு. லேபலில் அது இல்லாவிட்டால், அமெரிக்காவில் பின்பற்றும் நேரங்களை ஒரு கைப்பிடியாக எடுக்கலாம்: நச்சு மிகக் கூடியவற்றுக்கு 48 மணித்தியாலம், அடுத்ததற்கு 24, மற்றவற்றுக்கு 12. எதுவானாலும் இலை ஈரமாக இருக்கும்போது இறங்கக்கூடாது. விடியப் பனியில் இலை மீண்டும் நனைந்தால் படிந்த மருந்தும் மீண்டும் கரையும்.

இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடித்தால் எப்படிக் கணிப்பது?

ஒவ்வொன்றுக்கும் தனியே எல்லையால் வகுத்து, ஒரே விதமாக உடலைத் தாக்குபவற்றைக் கூட்டுங்கள். ஓகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிநாசினி 0.7, காபமேற்று வகைப் பூச்சிநாசினி 0.4 என்றால், இரண்டும் ஒரே நொதியத்தைத் தாக்குவதால் மொத்தம் 1.1. தனித்தனியே பார்த்தால் இரண்டும் எல்லைக்குள் இருப்பதாகத் தோன்றும்.

ஓகனோபொஸ்பேற்றோடு பைரித்ரொயிட் வகைப் பூச்சிநாசினியைக் கலப்பதில் இன்னொரு வில்லங்கம். பைரித்ரொயிட்டை உடலில் உடைக்கும் நொதியங்களை ஓகனோபொஸ்பேற்று தடுத்துவிடும். கூட்டுத்தொகை அங்கே குறைத்துத்தான் காட்டும்.

முகமூடி போட்டால் சரிதானே?

துணி முகமூடி ஆவியைத் தடுக்காது, நனைந்தால் மருந்தை மூக்கோடு ஒட்டிவைத்திருக்கும். வயலில் பெரும்பகுதி தோல்வழியேதான் போகிறது. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நைற்றில் எனும் செயற்கை இறப்பர் கையுறைக்குச் செலவழியுங்கள். துணிக் கையுறை ஊறினால் வெறுங்கையை விட மோசம். கை தாழ்ந்த வேலையில் சட்டைக் கை கையுறைக்கு வெளியே இருக்க வேண்டும். உயர்ந்த பந்தலுக்கு அடிக்கும்போது உள்ளே. காற்சட்டை எப்போதும் சப்பாத்துக்கு வெளியே.

ட்ரோனால் அடித்தால் ஆபத்துப் போய்விடுமா?

நனைந்த பயிருக்குள் நடப்பது போய்விடும். அது பெரிய இலாபம். கலப்பவருக்குக் கதை வேறு. ஏக்கருக்கு 128 லீற்றரில் போன 400 மில்லிலீற்றர் 10 லீற்றரில் போனால், கரைசலின் செறிவு 0.3 இலிருந்து 4 சதவீதமாகிறது. ஒரே ஆள் நாளுக்குப் பல பத்து ஏக்கருக்குக் கலப்பார். ட்ரோன் வந்த இடத்தில் பதிவேட்டில் "கலந்தவர்" என்பதைத் தனி ஆளாக எழுதுங்கள். பக்கத்துக் கண்டத்தில் அப்போது யார் நின்றார்கள் என்பதையும்.

வயல் வாடியில் தங்குபவர்களுக்கு வேறு கணக்கு வேண்டுமா?

வேண்டும். வயலிலேயே தங்கி வேலை செய்யும் முல்லைக்காரர் வேலை முடிந்தும் மருந்தோடுதான் இருக்கிறார். போத்தல் வாடியின் இறப்பில், தாங்கி தலைமாட்டில், குளிப்பதும் வாய்க்காலில். வேலை நேரத்தை மட்டும் எழுதும் பதிவு இதைத் தவறவிடும். மருந்து வைக்கும் இடம், குடிதண்ணீர் எங்கிருந்து, அடித்த உடுப்பை எங்கே எப்போது கழுவினார் என்ற மூன்றையும் தனியே கேளுங்கள்.

பழைய வருடத் தரவோடு ஒப்பிடலாமா?

கவனமாக. நாட்டில் பாவிக்கக்கூடிய மருந்துகளின் பட்டியலே பல தரம் மாறியிருக்கிறது. 2008 முதல் 2011 வரை பரகுவாட், டைமெதோயேற், பென்தியோன் மூன்றும் படிப்படியாக நீக்கப்பட்டன. கிளைபோசேற் என்ற களைநாசினி 2015 இல் தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதிக்கப்பட்டு, 2022 இல் தடை நீக்கப்பட்டது. 2021 இல் விவசாய இரசாயன இறக்குமதியே சில மாதங்கள் நிறுத்தப்பட்டது. அந்த வருடத்தை அடிப்படை வருடமாக எடுத்தால் அதற்குப் பின்வரும் எந்த வருடமும் பயங்கரமாகக் கூடியதாகத் தெரியும்.

தடை உள்ள காலத்தில் அந்த மருந்தின் பதிவு பூச்சியம் என்றால் பாவனை பூச்சியம் என்று கொள்ள முடியாது. கேட்டவர் அரச உத்தியோகத்தராக இருந்தால் யாரும் சொல்லமாட்டார்கள். பெயர் எழுதாமல் இலக்கம் கொடுத்து, தண்டப்பணத்துக்கும் மானியத்துக்கும் இந்தப் பதிவோடு தொடர்பில்லை என்று முதலிலேயே சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

இரத்தப் பரிசோதனையால் நேரடியாகவே கண்டுபிடிக்க முடியாதா?

ஓகனோபொஸ்பேற்று வகைக்கு முடியும். கொலினெஸ்ரறேசு என்ற நொதியத்தின் அளவு விழும். ஆனால் ஆளுக்கு ஆள் இயல்பான அளவே பெரிதும் வேறுபடுவதால், போகம் தொடங்குமுன், 30 நாளாவது அந்த வகை மருந்து தொடாத நிலையில், ஒரு அடிப்படை அளவு எடுத்திருக்க வேண்டும். கலிபோர்னிய விதியில் அடிப்படையிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் வேலைமுறையைப் பரிசோதிக்க வேண்டும். செங்குருதிக் கலத்தில் அடிப்படை அளவின் 70 சதவீதத்துக்கோ குருதித் திரவவிழையத்தில் 60 சதவீதத்துக்கோ வந்துவிட்டால் ஆளை அந்த வேலையிலிருந்து எடுக்க வேண்டும். 80 சதவீதத்துக்கு ஏறும்வரை திரும்ப விடக்கூடாது.

காபமேற்று வகையில் நொதியம் விரைவில் மீண்டுவிடும். மறுநாள் எடுத்த இரத்தம் ஒன்றும் நடக்காதது போலக் காட்டும். களைநாசினிகளுக்கும் பூஞ்சண நாசினிகளுக்கும் இந்தப் பரிசோதனை பொருந்தாது. அங்கே பாவனைப் பதிவைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை.

கணக்கெடுக்கப் போன இடத்தில் ஒருவருக்கு மருந்து ஏறியதாகத் தெரிந்தால்?

பதிவை நிறுத்துங்கள். வாயில் நீர் வடிதல், அதிக வியர்வை, கண்மணி சுருங்குதல், தசை துடித்தல், மூச்சுத்திணறல் கண்டால் நனைந்த உடுப்பைக் கழற்றி, கையுறை போட்டுக்கொண்டு, சவர்க்காரமும் தண்ணீரும் விட்டு உடம்பைக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், பாலும் கொடுக்க வேண்டாம். சுயநினைவு இல்லாவிட்டால் ஒருக்களித்துக் கிடத்துங்கள். 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அன்று எழுதிய பதிவுத்தாளையும் லேபலோடு போத்தலையும் ஒரு பையில் கட்டி நோயாளியோடு அனுப்புங்கள். எந்த மருந்து, எத்தனை மணிக்குப் பட்டது என்று வைத்தியர் கேட்கப்போவது அதைத்தான்.